நான் அப்போ சிரிக்கலை

கிளாம்பாக்கத்துல ஏறினதிலேருந்து ஓரக்கண்ணால என்னையே பார்த்துட்டு வர்றீங்க. எங்கேயோ பார்த்த முகமா இருக்கேன்னு தோணுது, இல்லையா? ரொம்ப யோசிக்க வேண்டாம்மா, நானே சொல்லிடறேன். உங்க போன்ல தேடினா நான் இருப்பேன். பச்சைப் புடவை, இதே கண்ணாடி, வாய் கொள்ளாம சிரிச்சுக்கிட்டு நெஞ்சுல கையை வச்சிருக்கிற ஒரு பொம்பளை. கீழே "முடியலடா சாமி"ன்னு எழுதியிருக்கும். அந்த ஸ்டிக்கர் நான்தான்.

சிரிச்சுக்குங்க, பரவாயில்லை. எல்லாரும் சிரிக்கிறாங்க. எங்க குடியிருப்பு குரூப்புல ஒருத்தர் ஏதோ ஜோக்குக்கு அதையே போட்டுட்டு, நானும் அந்த குரூப்புல இருக்கிறது ஞாபகம் வந்து அவசரமா அழிச்சார். மஸ்கட்ல இருக்கிற என் பையனுக்கு, கூட வேலை செய்யற மலையாளத்துக்காரர் அதை அனுப்பியிருக்கார். அது என் அம்மான்னு அவன் சொல்லலையாம். சொல்லாததே நல்லதுன்னு எங்க வீட்டுக்காரர் சொல்றார். அவருக்கு எல்லாமே சொல்லாம இருந்தா நல்லது.

ஆனா நான் அப்போ சிரிக்கலை. அதை மட்டும் மனசுல வச்சுக்கிட்டு மீதியைக் கேளுங்க. முகம் என் முகம்தான். சிரிப்பும் என் சிரிப்புதான். ஆனா அப்போ சிரிக்கலை.

இதைச் சொல்லத்தான் விழுப்புரம் போறேன். என் தங்கச்சி பொண்ணுக்கு இன்னிக்குக் காலையில நிச்சயதார்த்தம். எனக்கு அழைப்பு இல்லை. மே மாசத்துலேருந்து என் தங்கச்சி செந்தாமரை என்கிட்ட பேசறதில்லை. என் நம்பரையே போன்ல தடுத்து வச்சிருக்கா. கூடப் பிறந்தவ. நானும் அவளும் ஒரே தட்டுல சாப்பிட்டு வளர்ந்தவங்க. அழைப்பில்லாத விசேஷத்துக்குப் பட்டுப்புடவை கட்டிக்கிட்டு, பூ வச்சுக்கிட்டுப் போறேன் பாருங்க. இன்னிக்கு அந்த மண்டபத்துல எல்லார் முன்னாடியும் நான் சிரிக்கலைன்னு தெரியப் போகுது. அப்புறம் செந்தாமரை என்னை உள்ளே கூப்பிடுவாளா, வாசலோட அனுப்புவாளாங்கிறது அவ பாடு.   

முதல்லேருந்து சொல்றேன். நேரம் இருக்கு. இப்போதானே மதுராந்தகம்.

நான் டி.வி. பார்க்கிறவம்மா. சில பேர் ராத்திரி முழுக்கப் பார்த்துட்டு, எங்க வீட்டுல டி.வி.யே போடறதில்லைன்னு சொல்லுவாங்க. நான் அந்த ரகம் இல்லை. அதுலயும் கோடை வந்தா எனக்குத் திருவிழா. பள்ளிக்கூடம் லீவு விட்டதும் ஒவ்வொரு சேனலும் புதுசு புதுசா இறக்கும். அடுப்பில்லாத சமையல்னு ஒண்ணு. சினிமா ஜோடிங்க தண்ணித் தொட்டியில விழற போட்டி ஒண்ணு. குட்டிப் பிள்ளைங்க பெரியவங்க மாதிரி வேஷம் போட்டுக்கிட்டுப் பேசறது ஒண்ணு. அது எனக்குப் பிடிக்காது, பிள்ளைங்களைக் கெடுக்கிற வேலை, ஆனா பார்ப்பேன். எல்லாமே மாசி மாசமே எடுத்து முடிச்சிருப்பாங்க. பின்னாடி தொங்கற மாங்காய் பிளாஸ்டிக். நுங்கு வண்டி அட்டை. வேர்க்குதுன்னு விசிறிக்குவாங்க, உள்ளே ஏ.சி. குளிர்ல பல்லு தந்தியடிக்கும். எனக்கு இதெல்லாம் தெரியும். தெரிஞ்சுதான் பார்க்கிறேன்.

பாட்டுப் போட்டியில யார் கடைசிவரைக்கும் வருவாங்கன்னு முதல் வாரமே சொல்லிடுவேன். பாட்டை வச்சு இல்லை. ஜட்ஜ் ஒரு பிள்ளையைக் கூப்பிட்டுக் குத்தலா ஏதாவது கேட்பார். அது முகம் வாடும். கண்ணு கலங்கும். வயலின் ஆரம்பிக்கும். உடனே ஜட்ஜ் மேடை ஏறி வந்து அதைக் கட்டிப்பிடிச்சு, "உன்னைச் சோதிச்சேன், நீ ஜெயிச்சுட்டே"ம்பார். முடிஞ்சது. அந்தப் பிள்ளைதான் கடைசிவரைக்கும். குத்து வாங்காத பிள்ளை ரெண்டு வாரத்துல பெட்டியைக் கட்டணும். இதுல நான் தப்பினதே கிடையாது.

ஆளை எடை போடறதிலயும் அப்படித்தான். மேகலாஸ்ரீன்னு ஒரு நடிகை, சாயங்கால சீரியல்ல மூத்த மருமகளா வருவாளே. கோயில் வாசல்ல போட்டோ எடுக்க வந்த ஒரு வயசான அம்மாவைக் கையால தள்ளிவிட்டா. வீடியோ வந்துச்சு, நீங்களும் பார்த்திருப்பீங்க. கண்ணை மூடித் திறக்கிற நேரம்தான். அது போதாதா? அன்னிக்கே அவ சீரியலை நிறுத்திட்டேன். எனக்குத் தெரிஞ்ச அத்தனை பேரையும் நிறுத்த வச்சேன். அவ பேஸ்புக் பக்கத்துல போய் நாலு வார்த்தை எழுதிட்டும் வந்தேன்.

முன்னாடி பின்னாடி வெட்டியிருப்பாங்கன்னு சொல்றீங்களா? அவளும் அதைத்தான் சொன்னா. அந்த அம்மா கீழே விழப் போனாங்களாம், இவ தாங்கிப் பிடிச்சாளாம். கதை. என் கண்ணால பார்த்தேனேம்மா. என் விஷயம் வேற. அதையும் இதையும் சேர்த்து வைக்காதீங்க.

எங்கே விட்டேன்? தாட்சாயணி. என் தங்கச்சி பொண்ணு. தாட்சுன்னு கூப்பிடுவோம். அவளுக்குச் சின்ன வயசுல பேச்சு திக்கும். எல்லாச் சொல்லும் இல்லை, சில சொல்தான். அதுல பாவம், அவ பேரே ஒண்ணு. பேரைக் கேட்டா "தா"வுலயே நின்னுடுவா; கழுத்து நரம்பு புடைக்கும், கண்ணு மேலே போகும், அடுத்த எழுத்து வராது. பள்ளிக்கூடத்துல பேர் கேட்டா வாயைத் திறக்காம கையை மட்டும் தூக்குவா; கூச்சம்னு விட்டுடுவாங்க. பேசினாத்தான் அப்படி. பாடினா ஒரு இடத்துல தடங்கல் இருக்காது, தண்ணி மாதிரி ஓடும். அதனாலேயே செந்தாமரை அவளைப் பாட்டுல சேர்த்தா. வைத்திலிங்கம்னு ஒரு வாத்தியார், சைக்கிள்ல வீட்டுக்கே வந்து சொல்லிக் கொடுத்தார். பாட்டு சொல்லிக் கொடுத்தாரோ, பேச்சு சொல்லிக் கொடுத்தாரோ, ரெண்டும் ஒண்ணா வந்துச்சு. காலேஜ் முடிக்கிறப்போ அவ பேசறதைக் கேட்டா யாருக்கும் எதுவும் தெரியாது. நிறுத்தி நிதானமா பேசுவா, அவ்வளவுதான். அதை அந்த வீட்டுல யாரும் வெளியே பேசக் கூடாதுன்னு செந்தாமரை ஒரு சட்டமே போட்டு வச்சிருந்தா. அவ வீட்டுக்காரர், அவ, வாத்தியார், நான். நாலு பேருக்குத்தான் தெரியும்.

இந்த வருஷக் கோடைக்குப் புதுசா ஒரு பாட்டுப் போட்டி. "கோடைக் குரல்"னு பேரு. விண்ணப்பம் போட்டது நான். தாட்சு வேண்டாம்னா. நான் விடலை. தேர்வாயிட்டா. முதல் ஆளா எனக்குத்தான் போன் பண்ணிச் சொன்னா, பெரியம்மா, கூப்பிட்டுட்டாங்கன்னு. அன்னிக்கு எங்க மாடி முழுக்க நான் கேசரி கொடுத்தேன்.

அப்புறம் சேனல்லேருந்து ஒரு பொண்ணு செந்தாமரைக்குப் போன் பண்ணியிருக்கா. இந்த நிகழ்ச்சிங்கள்ல கதை எழுதறதுக்குன்னே தனியா ஆள் உண்டு. வீட்டுல என்ன கஷ்டம், யாருக்காவது உடம்பு சரியில்லையா, அப்பா விட்டுட்டுப் போயிட்டாரான்னு எல்லாம் கேட்பாங்க. என் தங்கச்சி என்ன சொன்னா தெரியுமா? எங்களுக்கு ஒரு கஷ்டமும் இல்லைங்க, இவங்க அப்பா மின்சார வாரியத்துல இருக்கார், நல்லா இருக்கோம்னா. பெருமையா எனக்கும் சொல்றா.  கஷ்டமே இல்லாத பிள்ளைக்கு எவன் ஓட்டுப் போடுவான்? முதல் வாரமே வீட்டுக்கு அனுப்பிடுவாங்களே.

அந்தப் பொண்ணோட நம்பரை வாங்கி நானே பேசினேன். திக்குவாயை ஜெயிச்சு மேடை ஏறின பொண்ணும்மா இவ, இதை அழகாக் காட்டுங்கன்னேன். பள்ளிக்கூடத்துல கையைத் தூக்கினதையும் சொன்னேன். அவ எழுதிக்கிட்டா. இது நல்லா இருக்கே ஆன்ட்டின்னா. செந்தாமரைகிட்ட நான் சொல்லலை. ஒளிவுமறைவுன்னு இல்லை. டி.வி.யில வந்ததும் தானே பார்த்துச் சந்தோஷப்படட்டுமேன்னு.

வெயில் இந்தப் பக்கம் அடிக்குது. திரையை இழுத்துவிடுங்க. ஆங்.

படப்பிடிப்பு அன்னிக்கு நானும் போனேன். அப்பா அம்மாவுக்கு முதல் வரிசை. மத்த சொந்தக்காரங்க எல்லாம் பின்னாடி, பொதுசனத்தோட. போனையெல்லாம் வாசல்லயே வாங்கி வச்சுட்டாங்க. உள்ளே போய் உட்கார்ந்ததும் ஒண்ணு நடக்கும், அது வெளியாளுக்குத் தெரியாது, கவனமா கேளுங்க. இதுலதான் என் விஷயமே இருக்கு.

நிகழ்ச்சி ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, மேடையில ஒருத்தரும் இல்லாதப்பவே, ஜனங்க முகத்தை எல்லாம் தனியா எடுத்து வச்சுக்குவாங்க. காதுல மைக் மாட்டின ஒருத்தர் வந்து, எல்லாரும் கைதட்டுங்கம்பார். தட்டுவோம். எழுந்து நின்னு தட்டுங்கம்பார். வாயைப் பொத்தி அதிர்ச்சி ஆகுங்கம்பார், ஆவோம். அழச் சொல்லுவார், நிஜமாவே சில பேர் அழுவாங்க. கடைசியா சிரிக்கணும். எதுக்குச் சிரிக்கிறது? வெறும் மேடை. அதுக்கு அவர் ஒரு பொம்பளை மாதிரி முந்தானை போட்டுக்கிட்டு ஒரு ஆட்டம் ஆடினார். அப்படியே எங்க மூணாவது மாடி ஜலஜா மாதிரியே இருந்துச்சு. எனக்குத் தாங்கலை. சிரிச்சேன் பாருங்க, கண்ணுல தண்ணி. அவர் ஆட்டத்தை நிறுத்திட்டு என்னைக் காட்டி, பச்சைப் புடவை அம்மா சூப்பர், இன்னொரு தடவைன்னார். காமிரா என் முன்னாடியே வந்துச்சு. இன்னொரு தடவையும் சிரிச்சேன். அன்னிக்கு வெளியே வந்ததும் நான் எல்லார்கிட்டயும் சொன்னது என்ன தெரியுமா? எனக்கு குளோசப் வச்சாங்கன்னு.

அந்தச் சிரிப்புதான் இந்தச் சிரிப்பு. புரியுதா? வெறும் மேடையைப் பார்த்துச் சிரிச்சது.

அப்புறம் நிகழ்ச்சி. ஜட்ஜ் மூணு பேர்ல நடுவுல உட்கார்ந்தவர் வேல்பாண்டி. காமெடி நடிகர், நான் அவர் ரசிகை. தாட்சு பாடினா. நல்லாப் பாடினா. முடிச்சதும் எல்லாரும் தட்டினோம். வேல்பாண்டி மைக்கை எடுத்தார். உன் பேரைச் சொல்லும்மான்னார். அட்டையில எழுதியிருக்கேன்னு தாட்சு சிரிச்சுக்கிட்டே காட்டினா. அவர் விடலை. "கையைத் தூக்கக் கூடாது, வாயால சொல்லணும்"னார்.

எனக்குப் புரிஞ்சிடுச்சு, ஆரம்பிச்சுட்டார்னு. அந்தக் குழந்தைக்குப் புரியலை. இல்லை, புரிஞ்சிடுச்சோ என்னவோ, முகம் வெளுத்துப் போச்சு. "தா"ன்னா. அங்கேயே நின்னுடுச்சு. எத்தனை வருஷம் கழிச்சு, அவ்வளவு விளக்கு வெளிச்சத்துல. "தா... தா..." வேல்பாண்டி, "என்னம்மா, என்ன தரணும்? கேளு தர்றேன்"னார். ஜனங்க சிரிச்சாங்க. நான் சிரிக்கலை. வயலினுக்காகக் காத்துக்கிட்டு இருந்தேன். இப்போ எழுந்து வருவார், இப்போ கட்டிப்பிடிப்பார்னு. அவர் வரலை. அடுத்த பேரைக் கூப்பிட்டுட்டாங்க. பேர் வராம தூக்கின கையை, மேடையிலேருந்து இறங்கினப்பவும் தாட்சு அப்படியே வச்சிருந்தா. இறக்கவே இல்லை.

 திரும்பி வர்றப்போ வேன்ல செந்தாமரை ஒரு தடவை கேட்டா. "அந்தக் கை விஷயம் அவனுக்கு எப்படித் தெரிஞ்சது?"  சேனல்காரங்களுக்கு எல்லாம் தெரியும், அவங்க எங்கேயாவது விசாரிச்சிருப்பாங்கன்னு நான் சொன்னேன். பொய் இல்லையே. விசாரிக்கத்தானே செஞ்சாங்க. நான் சொன்னது ஒண்ணு, அவங்க செஞ்சது ஒண்ணு. அழகாக் காட்டுங்கன்னு நான் சொன்னது. நான் சொன்ன மாதிரி காட்டியிருந்தா அவ இன்னிக்கு எங்கே இருந்திருப்பா.

செந்தாமரை வீட்டுக்குப் போய்க் கணக்குப் போட்டிருக்கா. வெளியாள்னா வாத்தியார் ஒருத்தர்தான். வைத்திலிங்கத்தை வீட்டுக்கு வர வேண்டாம்னு சொல்லி அனுப்பிட்டா. அவர் சைக்கிளைத் திருப்பிக்கிட்டுப் போயிட்டாராம். நிச்சயத்துக்கும் அவருக்கு அழைப்பு இல்லைன்னு கேள்வி. நான் நடுவுல பேசியிருக்கலாம்தான். அந்தச் சூட்டுல யார் காது கொடுப்பா? அதுக்குள்ள என் தலையிலயும் இடி விழுந்துடுச்சு.

மே மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை ஒளிபரப்பு. வயலின் சேர்த்திருப்பாங்கன்னு நம்பிக்கையோட உட்கார்ந்தேன். தாட்சு "தா"ங்கிறா. வேல்பாண்டி என்ன தரணுங்கிறார். உடனே திரை முழுக்க நான். பச்சைப் புடவை. நெஞ்சுல கையை வச்சுச் சிரிக்கிறேன். திரும்ப தாட்சு முகம். திரும்ப நான். கீழே எழுத்துல வேற போட்டாங்க, பெரியம்மாவுக்கே சிரிப்பு தாங்கலைன்னு. பெரியம்மான்னு நான்தான் வாசல்ல எழுதிக் கொடுத்திருந்தேன்.

செந்தாமரை அன்னிக்கே போன் பண்ணினா. நான் ஹலோ சொல்றதுக்குள்ள, "என் பொண்ணு உன்னையேதான்க்கா பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கா"ன்னா. வச்சுட்டா. அதுதான் கடைசி. அதுக்கு அப்புறம் நம்பரைத் தடுத்துட்டா.

ஊரே பேசினது உங்களுக்குத் தெரியும். வேல்பாண்டி மன்னிப்புக் கேட்கணும்னு ஒரே கூச்சல். அவரும் வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு, ஜன்னல் பக்கத்துல உட்கார்ந்து, கண்ணீர் விட்டு வீடியோ போட்டார். எனக்குப் பார்க்கப் பார்க்கப் பாவமா இருந்துச்சு. அந்த அழுகை நடிப்பு இல்லைம்மா, எனக்குத் தெரியாதா? நான் அன்னிக்கே மன்னிச்சுட்டேன். ஊரும் மன்னிச்சிடுச்சு. ஆடியில அவருக்குப் புது நிகழ்ச்சி வந்துடுச்சு, பார்க்கிறேன், நல்லாத்தான் இருக்கு. அவரை மன்னிச்ச ஊரு என்னை மன்னிக்கலை. அவர் சொன்னது போச்சு, நான் சிரிச்சது நின்னுடுச்சு. எங்கே நியாயம், சொல்லுங்க.

நான் சும்மா இருக்கலை. அன்னிக்குப் பக்கத்து நாற்காலியில எஸ்தர்னு ஒருத்தங்க. பல்லாவரம். எந்த நிகழ்ச்சின்னாலும் ஜனங்களோட ஜனமா போய் உட்கார்றவங்க. அவங்க போனைக் கொடுக்காம ஜாக்கெட்டுக்குள்ள மறைச்சு எடுத்துட்டு வந்திருந்தாங்க. மேடை பின்னாடி தெரியற மாதிரி, தன் முகத்தையும் என் முகத்தையும் சேர்த்து வீடியோ எடுத்தது எனக்கு ஞாபகம் இருந்துச்சு. அது தாட்சு பாடினப்பவா, பேர் கேட்டப்பவான்னுதான் தெரியலை. அவங்க நம்பர் என்கிட்ட இல்லை. எங்கெங்கே ஜனங்களைக் கூட்டிக்கிட்டுப் போறாங்களோ அங்கெல்லாம் போய் நின்னேன். பட்டிமன்றம், சமையல், ஜோடி, ஒண்ணு விடலை. போன மாசம் ஒரு வினாடி வினாவுல பிடிச்சுட்டேன். கெஞ்சிக் கூத்தாடி வாங்கினேன். பேர் கேட்ட அதே இடம்மா. சாமிதான் எடுக்க வச்சிருக்கு.

எஸ்தர் கொடுத்துட்டு ஒண்ணு சொன்னாங்க. "நல்லா ஒரு தடவை கேட்டுட்டு அப்புறம் யாருக்கும் காட்டுங்கக்கா." சேனல்காரங்களுக்குப் பயந்து சொல்றாங்கன்னு நினைச்சேன். அவங்க பொழைப்பு அதுல இருக்கு இல்லையா. யார் எடுத்ததுன்னு சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணிக் கொடுத்தேன்.

வீடியோ கிடைச்சிடுச்சு, செந்தாமரைக்கு எப்படிக் காட்டறது? தடுத்து வச்சிருக்கா. நேர்ல போனா கதவைத் திறக்கமாட்டா. அப்போதான் நிச்சயதார்த்தப் பத்திரிகை ஒரு சொந்தக்காரங்க மூலமா எனக்கு வந்துச்சு. அடியில போட்டோகாரர் பேரும் நம்பரும் இருந்துச்சு. இப்பெல்லாம் மண்டபத்துல பெரிய திரை வச்சு, வர முடியாதவங்க அனுப்பற வாழ்த்து வீடியோவை எல்லாம் போடறாங்களே. அவருக்குப் போன் பண்ணி, நான் பொண்ணுக்குப் பெரியம்மா, ஒரு வீடியோ அனுப்பறேன், யார்கிட்டயும் சொல்லாதீங்க, எல்லாருக்கும் ஆச்சரியமா இருக்கட்டும்னேன். அனுப்புங்கம்மா, மோதிரம் மாத்தறதுக்கு முன்னாடி போட்டுடறேன்னார். நேத்து அனுப்பிட்டேன். திரையில அது ஓடறப்போ நான் வாசப்படியில நிக்கணும். செந்தாமரை திரும்பிப் பார்க்கிறப்போ நான் அங்கே இருக்கணும். அதான் என் ஆசை.

வண்டி ஏன் நின்னுடுச்சு? சுங்கச்சாவடியா? எவ்வளவு நீளத்துக்கு நிக்குது பாருங்க. இன்னிக்குன்னு பார்த்து எல்லா முகூர்த்தமும். கண்டக்டர் இறங்கியே போயிட்டார். மோதிரம் மாத்தற நேரம் ஆயிடுமே.

நீங்க பார்க்கிறீங்களா? பாருங்க, பாருங்க. நம்பிக்கை இல்லாம முகத்தை வச்சிருக்கீங்க, நீங்களே பார்த்துச் சொல்லுங்க. இதைக் காதுல மாட்டிக்குங்க, வெளியே இரைச்சல். இதோ. இது எஸ்தர். இது நான். பின்னாடி மேடையில சின்னதா தெரியறது தாட்சு. இப்போ வேல்பாண்டி கேட்கிறார். இங்கேதான். என் முகத்தைப் பாருங்க. சிரிக்கிறேனா? உதடு அசையுது, பேசறேன், அவ்வளவுதான். பல்லு தெரியுதா? சிரிப்பு ஒரு துளி இருக்கா?

என்ன சொல்றேன்னு கேட்குதா உங்களுக்கு? கேட்குதுதானே. நான்தான் எஸ்தர்கிட்ட சொல்றேன். "அந்தக் கை தூக்கற விஷயம் நான்தான் சொல்லிக் கொடுத்தேன். இருங்க, இப்போ கட்டிப்பிடிப்பார்." ஆமா, சொன்னேன். பெருமையாத்தான் சொன்னேன். அந்த நேரத்துல நான் அவளுக்காக எவ்வளவு பெருமைப்பட்டேன்னு இதுல தெரியுது பாருங்க. நான் சிரிக்கலை. பார்த்துட்டீங்க இல்லையா, நீங்க மூணாம் மனுஷி, நீங்களே சொல்லுங்க.



போட வேண்டாம்னு போட்டோகாரர்கிட்ட சொல்லச் சொல்றீங்களா? ஏன்? எதுக்கு? சேனல்காரங்க என்னை என்ன பண்ணிடுவாங்க?

என் தங்கச்சிக்கு நான் சிரிச்சது மட்டும்தான் கோபமான்னு கேட்கிறீங்க. பின்னே வேற என்ன இருக்கு? நான் சிரிச்சேன்னுதானே அவ பேச்சை நிறுத்தினா. சிரிக்கலைன்னு தெரிஞ்சா பேசணும்தானே. நேரான கணக்கு.

வாத்தியாரா? அவரை எதுக்கு இப்போ இழுக்கிறீங்க? அவர் விஷயம் தனி.

காதுல மாட்டினதைக் கொடுங்க.

  அது சரி, நான் இல்லாதப்போ அதைப் போடக் கூடாது, அது எனக்கும் தோணிடுச்சு. நீங்க சொன்னதுக்காக இல்லை. நான் வாசல்ல நிக்கணும்னுதானே இவ்வளவும். போட்டோகாரருக்கே போட்டுடறேன். கொஞ்சம் பொறுக்கச் சொல்றேன்.

ரிங் போகுது.

சார், நான் பொண்ணோட பெரியம்மா பேசறேன். வண்டி விக்கிரவாண்டியில நிக்குது. அந்த வீடியோவை நான் வந்ததும்... என்னது? கேட்கலை, கொஞ்சம் சத்தமா சொல்லுங்க... எப்போ? ... ஓ. ... எல்லாரும் பார்த்தாங்களா? ... என் தங்கச்சி பார்த்தாளா? ... சரி. ... சரிங்க.

போட்டாச்சாம். மோதிரத் தட்டு கொண்டு வர்றதுக்கு முன்னாடியே போட்டுட்டாராம். மண்டபத்துல இரைச்சலா இருக்கும், பேசறது கேட்கணுமேன்னு பெரிய ஸ்பீக்கர்லயே விட்டாராம். ரெண்டு தடவை. முதல் தடவை முடிஞ்சதும் செந்தாமரைதான் இன்னொரு தடவை போடச் சொன்னாளாம். பார்த்தீங்களா? அவளே கேட்டிருக்கா.  தாட்சு எழுந்து உள்ளே போயிட்டாளாம். அழுதிருப்பா. அழத்தான் செய்வா, இத்தனை மாசம் பெரியம்மாவைத் தப்பா நினைச்சுட்டோமேன்னு இருக்காதா.

நான் போய் அவ கண்ணைத் துடைச்சுவிடணும். வண்டி நகர்ற மாதிரி இருக்கே. நகருது. நல்லவேளை.

பூ நலுங்காம இருக்கா, பாருங்களேன்.

இருங்க. போன் அடிக்குது. உங்களுது இல்லை, என்னுது. கண்ணாடியைப் போட்டுக்கறேன். என்ன பேர் இருக்கு பாருங்க, நீங்களே படிங்க. தாமரை. என் தங்கச்சிம்மா. மே மாசத்துக்கு அப்புறம் இப்போதான். நான் சொன்னேனே, பார்த்ததும் கூப்பிடுவான்னு. சொன்னேனா இல்லையா?

உடனே எடுக்க வேண்டாம். நாலு ரிங் போகட்டும். இத்தனை மாசம் நான் காத்திருந்தேன், அவளும் கொஞ்சம் காத்திருக்கட்டுமே. இப்போ எடுக்கறேன்.

ஏன்மா என் கையைப் பிடிக்கிறீங்க? விடுங்க. ரிங் நின்னுடப் போகுது.